சிக்னலில் மட்டும் சூடேறும் கார்: இரண்டு ஃபேன், மூன்று ரிலே, கருகிப்போன ஒரு பின்

வண்டி, பத்து வயதைத் தாண்டிய பெட்ரோல் செடான். ரேடியேட்டரின் பின்பக்கம் ஒரே ஷ்ரவுடில் (ஃபேன்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்) பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஃபேன்கள். ஹைவேயில் எண்பதில் போனால் ஒரு தொந்தரவும் கிடையாது. ஏசி ஜில்லென்று வரும், டெம்பரேச்சர் முள் நடுவுக்குக் கீழேயே கிடக்கும். ஊருக்குள் வந்து சிக்னலில் நின்றால் கதை மாறும். முதலில் ஏசி காற்று வெதுவெதுப்பாகும், பிறகு முள் மெல்ல ஏறும். வண்டி நகர்ந்தால் இறங்கிவிடும். ஏசி போட்டால் உடனே சுற்ற வேண்டிய ஃபேன்கள் இரண்டும் அசைவதே இல்லை. முள் நன்றாக ஏறிய பிறகு எப்போதாவது ஒரு ஃபேன் மட்டும் இரைச்சலோடு சுற்றுவது கேட்கும்.

எங்களிடம் வருவதற்குள் இந்த வண்டிக்கு நிறைய வைத்தியம் நடந்திருந்தது. முதல் பட்டறையில் ஃபேன் ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) மூன்றும் புதிதாகப் போட்டாயிற்று, கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார் மாற்றியாயிற்று, இன்ஜின் சூடேறும் வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வெறும் ஹவுசிங்கை மூடியாயிற்று. இரண்டாவது இடத்தில் டெஸ்ட் லேம்ப் (ஒரு முனையை எர்த்தில் மாட்டி, மறுமுனையால் ஒயரைத் தொடும் விளக்கு) வைத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு வயர்லயும் கரண்ட் வருது, மோட்டார்தான் போச்சு” என்று இடது ஃபேனை மாற்றச் சொன்னார்கள். அதுவும் வேண்டாமென்றால் டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து ஃபேனை டைரக்டாகக் கொடுத்துவிடலாம் என்றார்கள். இடது மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. அது ஏன் குற்றவாளி மாதிரித் தெரிந்தது என்பதில்தான் இந்த வேலையின் முக்கால்வாசி இருக்கிறது. (இடது, வலது என்பதெல்லாம் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்கிற கணக்கு.)

கரண்ட் போகும் வழி

இந்த வகை வண்டிகளில் ஃபேன்கள் இரண்டும் தனித்தனிச் சர்க்யூட் அல்ல. மெது வேகத்தில் இரண்டும் சீரிஸ், முழு வேகத்தில் இரண்டும் பேரலல். அதற்காகத்தான் மூன்று ரிலே.

மெது வேகத்துக்கு ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ரிலே 1-ஐ மட்டும் இழுக்கிறது, அதாவது அதன் காயிலை இயக்குகிறது. முதல் ஃப்யூஸிலிருந்து வரும் பாசிட்டிவ், ரிலே 1 வழியாக இடது மோட்டாருக்குள் போகிறது. அங்கிருந்து வெளியே வந்து எர்த்துக்குப் போவதில்லை. ரிலே 2-இன் 30-ஆம் காலுக்கு வருகிறது (30, 87, 87ஏ என்பவை ரிலேயின் கால்களுக்கு உள்ள எண்கள்; 30 பொதுக்கால்). ரிலே 2 ஓய்வில் இருப்பதால் அதற்குள் 30-உம் 87ஏ-வும் ஒட்டியிருக்கும். அந்த வழியாக வலது மோட்டாருக்குள் நுழைந்து, அதைக் கடந்து, பாடி எர்த்தில் முடிகிறது. ஆளுக்கு ஏறத்தாழ 6.5 வோல்ட். திருவிழாச் சீரியல் செட்டில் ஒரு பல்ப் போனால் அந்த வரிசையே அணைகிற அதே சங்கதி.

முழு வேகத்துக்கு ஈசிஎம் மற்ற இரண்டு ரிலேக்களையும் சேர்த்து இழுக்கிறது. ரிலே 2 தாவி, இடது மோட்டாரின் நெகட்டிவை 87 வழியாக நேரே எர்த்தில் சேர்க்கிறது. ரிலே 3, இரண்டாவது ஃப்யூஸிலிருந்து வலது மோட்டாருக்குத் தனியாகப் பாசிட்டிவ் கொடுக்கிறது. இப்போது ஒன்றை ஒன்று நம்பாமல் இரண்டும் முழு வோல்ட்டில் ஓடும்.

இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு, இடது ஃபேனில் டெஸ்ட் லேம்ப் வைத்தவர் கண்டதை மறுபடி பாருங்கள். மெது வேகக் கட்டளை வந்திருக்கிறது; வழியில் அப்பால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. மோட்டாரின் பாசிட்டிவில் லேம்ப் எரியும். கரண்ட் ஓடாததால் மோட்டாருக்குள் வோல்ட் இழப்பே இல்லை. ஆகவே நெகட்டிவ் ஒயரிலும் லேம்ப் எரியும். இரண்டு ஒயரிலும் ‘கரண்ட்’ இருந்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது, அதைத் தாண்டி வழி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே பிரஷ் தேய்ந்து தொடர்பு விட்டிருந்தால் பாசிட்டிவில் மட்டும்தான் எரிந்திருக்கும்.

எது ஓடுகிறது என்பதே முதல் பரிசோதனை

ஸ்கேனரை மாட்டி எரர் கோட் தேடினால் ஃபேன் பற்றி ஒன்றும் இல்லை. இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. பி0480, பி0481 போன்ற கோடுகள் ரிலேயின் காயில் பக்கத்தை மட்டுமே கண்காணிக்கின்றன. ரிலே காயில் அறுந்தாலோ, ஈசிஎம்முக்குப் போகும் மெல்லிய ஒயர் துண்டானாலோ கோட் விழும். மோட்டார் எரிந்தே போனாலும் ஈசிஎம்முக்குத் தெரியாது. இருந்த ஒரே கோட் பி0128, அதாவது இன்ஜின் சூடேற வேண்டிய நேரத்தில் ஏறவில்லை என்பது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதற்குக் கிடைத்த பரிசு.

கோடை விட லைவ் டேட்டா பயன்பட்டது. காலையில் ஆறிய இன்ஜினில் கூலண்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் இரண்டு டிகிரிக்குள் ஒத்துப்போயின, சென்சார் சரி. ஐடிலிங்கில் விட்டு, ஏசியை அணைத்துப் பார்த்தால் 96 டிகிரியில் ‘ஃபேன் லோ: ஆன்’ என்று திரையில் வந்தது, ஃபேன்கள் அசையவில்லை. 104-இல் ‘ஃபேன் ஹை: ஆன்’ வந்தது, இடது ஃபேன் முழு வேகத்தில் கிளம்பியது, வலது அப்படியே நின்றது.

மெதுவில் இரண்டும் இல்லை, வேகத்தில் இடது மட்டும் உண்டு. பேனட்டைத் திறந்து பார்த்த இந்த ஒரு காட்சியே பாதிப் பட்டியலை அடித்துவிட்டது. இடது மோட்டார், முதல் ஃப்யூஸ், ரிலே 1, ரிலே 2-இன் தாவிய பக்கம், இடது பக்க எர்த், ஈசிஎம் கட்டளை எல்லாம் நலம். மெதுவிலும் வேகத்திலும் பொதுவாகச் செத்துக் கிடப்பது வலது மோட்டார், அதன் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் செருகி), அதன் எர்த். மூன்றில் ஒன்று.

வேறு காட்சிகள் வேறு இடத்தைக் காட்டும். மெதுவில் இரண்டும் இல்லை, வேகத்தில் வலது மட்டும் என்றால் இடது பக்கம் தேடுங்கள்: மோட்டார், முதல் ஃப்யூஸ், ரிலே 1. மெதுவில் இரண்டும் இல்லை, வேகத்தில் இரண்டும் உண்டு என்றால் ரிலே 2-இன் 87ஏ தொடர்பு. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும். மெதுவில் ஒன்று நின்றிருக்க மற்றது வழக்கத்தை விட வேகமாகச் சுற்றினால், நின்றிருப்பது ஜாமான மோட்டார். அது சுற்றாததால் தன் பங்கு வோல்ட்டை எடுப்பதில்லை. மிச்சமெல்லாம் அடுத்ததுக்குப் போய்விடுகிறது. எந்த வேகத்திலும் எதுவும் இல்லையென்றால்தான் ஈசிஎம் கட்டளை, ரிலேக்களுக்கு வரும் பொது சப்ளை என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

ஸ்கேனர் கையில் இல்லாதவர்கள் ஓடும் இன்ஜினில் கூலண்ட் சென்சாரின் கப்ளரைக் கழற்றிப் பார்க்கலாம். சென்சார் சிக்னல் போனதும் பெரும்பாலான ஈசிஎம்கள் பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் விடும். செக் இன்ஜின் லைட் எரியும், பிறகு அழித்துக்கொள்ளலாம். ரேடியேட்டரிலோ இன்ஜினிலோ இரண்டு ஒயர் தெர்மோ சுவிட்ச் உள்ள பழைய வண்டிகளில் அந்த ஒயர்களைச் சேர்த்தால் ஃபேன் ஓட வேண்டும். சில பழைய டொயோட்டாக்களில் மட்டும் இது தலைகீழ். சுவிட்ச் குளிரில் மூடியிருக்கும், சூட்டில் திறக்கும். அங்கே ஒயரைச் சேர்த்தால் ஒன்றும் நடக்காது, கப்ளரைக் கழற்றினால்தான் ஃபேன் ஓடும்.

13.2 வோல்ட் இருக்கக் கூடாத இடம்

கை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகக் கிளம்பக்கூடும். பிளேடுக்குள் விரல் போகும் வேலை எதுவானாலும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, ஸ்கேனரின் ஆக்சுவேட்டர் டெஸ்டில் (ஸ்கேனரிலிருந்தே ஃபேனுக்குக் கட்டளை கொடுக்கும் வசதி) முழு வேகத்தைக் கொடுத்தோம். பேட்டரியில் 13.8 வோல்ட். வலது மோட்டாரின் கப்ளரைக் கழற்றாமல், பின்பக்கத்திலிருந்து ஊசிமுனை புரோபைச் செருகி அளந்ததில் பாசிட்டிவில் 13.7. சப்ளை வந்து சேர்கிறது. நெகட்டிவில், மோட்டார் பக்கத்து ஒயரில், 13.2. அங்கே பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதே நெகட்டிவ் ஒயரைக் கப்ளரின் இந்தப் பக்கம், ஹார்னஸ் (வண்டியின் ஒயர் கட்டு) பக்கத்தில் தொட்டால் 0.02. மொத்த வோல்ட்டும் ஒரே ஒரு பின்னுக்குள் தொலைகிறது.

கப்ளரைக் கழற்றாமல் அளந்ததுதான் இங்கே முக்கியம். கழற்றிவிட்டு ஹார்னஸ் பக்கத்தில் மீட்டர் வைத்திருந்தால் பாசிட்டிவ் 13.7, எர்த் கச்சிதம், எல்லாம் சரி என்று காட்டியிருக்கும். பழி மோட்டார் மேல் விழுந்திருக்கும். டிஜிட்டல் மீட்டர் இழுப்பது மைக்ரோ ஆம்பியர். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரிலும் அது முழு வோல்ட்டைக் காட்டும். கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்றால் மீட்டருக்குப் பதில் 55 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டிப் பாருங்கள். நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் பல்ப் பளிச்சென்று எரிந்தால் வழி ஓரளவு சுத்தம். மங்கினால் வழியில் ஏதோ தின்கிறது.

பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கப்ளரைப் பிரித்தோம். வெளியில் சாம்பல் நிறம், உள்ளே நெகட்டிவ் பின்னைச் சுற்றி வறுத்த காப்பிக்கொட்டை நிறம். பெண் பின்னின் வாய் விரிந்து, ஸ்பிரிங் அழுத்தம் போய், மேலே கறுப்புப் பொருக்கு. பிளாஸ்டிக் இளகி அந்தப் பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. பாசிட்டிவ் பின் கொஞ்சம் நிறம் மாறியதோடு தப்பித்திருந்தது.

பின் ஏன் கருகியது?

புதுக் கப்ளர் போட்டு வண்டியை அனுப்பியிருந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் அதுவும் கருகி இதே இடத்துக்கு வந்திருக்கும். பின் தானாகக் கருகுவதில்லை. அதன் வழியாக அதிகக் கரண்ட் போயிருக்க வேண்டும், அல்லது பிடிப்பு தளர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றை ஒன்று வளர்க்கும்.

30 ஆம்பியர் ஃப்யூஸ் கோத்த ஜம்பர் ஒயரால் பேட்டரியிலிருந்து நேராக ஒவ்வொரு மோட்டாருக்கும் கொடுத்து, கிளாம்ப் மீட்டரால் அளந்தோம். இடது, கிளம்பி நிலைத்த பிறகு 13 ஆம்பியர். வலது, தயங்கித் தயங்கிக் கிளம்பி, நிலைத்த பிறகும் 23 ஆம்பியர், கூடவே கரகரப்பு. மின்சாரம் இல்லாதபோது கையால் சுற்றினால் இடது இரண்டு சுற்று ஓடி நிற்கிறது. வலது விட்ட இடத்திலேயே நிற்கிறது. ஷாஃப்ட் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து, மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. 30 ஆம்பியர் ஃப்யூஸுக்கு 23 ஒரு பொருட்டே இல்லை, அதனால் அது எரியவில்லை. பின்னுக்கு நிலைமை வேறு. பிடிப்பு தளர்ந்து 0.1 ஓம் எதிர்ப்பு உண்டானால், 13 ஆம்பியரில் அங்கே 17 வாட் சூடு. 23 ஆம்பியரில் 53 வாட். ரேடியோ கடைகளில் வைத்திருக்கும் சின்னச் சால்டரிங் அயர்ன் 25 வாட்.

அளப்பதில் இரண்டு வழுக்கல்கள் உண்டு. வீட்டு எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சாதாரணக் கிளாம்ப் மீட்டர் பெரும்பாலும் ஏசி (மாறுதிசை) கரண்ட்டுக்கு மட்டுமே. கார் ஃபேனில் மாட்டினால் பூஜ்யம் காட்டும். டிசி (நேர்திசை) அளக்கும் கிளாம்ப் வேண்டும், ஒவ்வொரு முறையும் ஜீரோ செய்துகொள்ள வேண்டும். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் ஒயரைச் செருகி ஃபேன் கரண்ட்டை அளக்க முயன்றால் மோட்டார் கிளம்பும் அந்த நொடியிலேயே மீட்டரின் ஃப்யூஸ் போகும்.

மாற்றிய விதம்

வலது மோட்டாரைப் புதிதாகப் போட்டோம். பிரஷ் மட்டும் மாற்றித் தரும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன; பிரஷ் தேய்ந்து, புஷ் நன்றாக இருந்தால் அது நியாயமான வேலை. ஷாஃப்ட்டில் ஆட்டம் இருக்கும்போது பிரஷ் மாற்றுவது காசுக்குக் கேடு. புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய ஃபேன் வாங்குவதிலும் தவறில்லை, ஆனால் அங்கேயே ஒரு பேட்டரியில் மாட்டி ஓடவிட்டு ஆம்பியர் பார்த்து வாங்க வேண்டும். கையால் சுற்றிப் பார்த்து வாங்கும் மோட்டார் பாதி ஜாதகம்தான்.

இந்த வண்டியில் ஷ்ரவுடு மேலே இரண்டு 10 எம்எம் போல்ட்டில் நிற்கிறது. அவற்றைக் கழற்றி, ஒயர் கிளிப்புகளை விடுவித்து, நேராக மேலே தூக்கினால் வந்துவிடும். தூக்கும்போது ரேடியேட்டர் ஃபின்களில் உரசாமல் இருக்க இடையில் ஒரு அட்டையைச் செருகிக்கொள்வது நல்லது.

கப்ளரை ஒயரோடு சேர்த்து மாற்றினோம். கருகிய இடத்திலிருந்து நான்கு விரற்கடை பின்னால், செம்பு பளபளப்பாகத் தெரியும் வரை வெட்டி, 4 ஸ்கொயர் எம்எம் ஆட்டோமொபைல் ஒயரைக் கிரிம்ப் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டாயிற்று. இரண்டு ஒயரின் இணைப்பும் அருகருகே வராமல் இரண்டு அங்குலம் தள்ளித் தள்ளி. வீட்டு வயரிங் ஒயர் இங்கே உதவாது. அதன் உறை 70 டிகிரிக்கானது, ரேடியேட்டருக்குப் பின்னால் அதைத் தாண்டும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எர்த் போல்ட்டையும் கழற்றி, பெயிண்டும் துருவும் போகச் சுரண்டி, முறுக்கிவிட்டோம்.

பாதிதான் சரியாயிற்று

ஆக்சுவேட்டர் டெஸ்டில் முழு வேகம்: இரண்டு ஃபேனும் பறந்தன. வலது மோட்டாரில் இப்போது 13 ஆம்பியர், எர்த் பக்கத்து இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே. மெது வேகம்: இரண்டும் அசையவில்லை.

மெதுவில் இரண்டும் இல்லை, வேகத்தில் இரண்டும் உண்டு. மேலே நினைவில் வைக்கச் சொன்ன காட்சி இதுதான். ரிலே 2-இன் 87ஏ. ரிலேயைப் பிடுங்கிப் பார்த்தால் நான்கே கால்கள். நடுவில் இருக்க வேண்டிய ஐந்தாவது காலே இல்லை. முதல் பட்டறையில் மூன்று ரிலேயும் ஒரே மாதிரி, நான்கு கால் உருப்படியாக வாங்கிப் போட்டிருக்கிறார்கள். சாக்கெட்டில் அது அழகாக உட்காரும், முழு வேகத்தில் வேலையும் செய்யும். ஓய்வில் மட்டும் 30-ஆம் காலுக்குப் போக இடமில்லை. கப்ளர் கருகியது பழைய கோளாறு. இது அதைச் சரிசெய்யப் போய் உண்டான கோளாறு. ஒன்று மற்றதை மறைத்துக்கொண்டு நின்றது.

ஐந்து கால் ரிலே வாங்கினால் மட்டும் போதாது. ஐந்து கால்களில் நடுக்கால் 87ஏ-வாக இருக்கும் ரிலேயும் உண்டு, நடுக்காலும் 87-ஆகவே இருக்கும் ரிலேயும் உண்டு, வெளித்தோற்றம் ஒன்றே. இரண்டாவது வகையை இங்கே செருகினால் மெது வேகம் வராது என்பதோடு நிற்காது. முழு வேகத்தில் அது 30-ஐ இரண்டு 87-களோடும் சேர்த்துவிடும். ரிலே 3 கொடுக்கும் பாசிட்டிவ் அந்த நடுக்கால் வழியாக நேரே எர்த்தில் இறங்கி, இரண்டாவது ஃப்யூஸ் அந்தக் கணமே போகும். ரிலேயின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் படத்தைப் படித்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

கழற்றிய பழைய ரிலேக்கள் மூன்றும் டேஷ்போர்டு பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் கிடந்தன. அவற்றில் ஒன்று ஐந்து கால். மேஜையில் வைத்து, 30, 87ஏ வழியாக ஹெட்லைட் பல்புக்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்தால் பளிச்சென்று எரிந்தது; காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்ததும் அணைந்தது. அதையே திரும்பப் போட்டோம். மெது வேகத்தில் இரண்டு ஃபேனும் ஓடின. இடது மோட்டாரின் குறுக்கே 6.8 வோல்ட், வலதின் குறுக்கே 6.6, சர்க்யூட்டில் ஆறு ஆம்பியர்.

தெர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போட்டு, கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஏர் லாக் எடுத்தோம். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டினால் குளுமை என்ற எண்ணம் நம் ஊர்ப் பட்டறைகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. ஹைவேயில் இன்ஜின் சூடேறாமல் பெட்ரோல் குடிக்கும், சிக்னலில் ஃபேன் இல்லாவிட்டால் எப்படியும் கொதிக்கும். டேஷ்போர்டு சுவிட்ச் வைத்தியமும் இதே ரகம்: 23 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரையும் கருகும் கப்ளரையும் அப்படியே விட்டுவிட்டு, அணைக்க மறந்தால் பேட்டரியையும் தின்னும்.

கடைசிச் சோதனைக்குச் செய்தித்தாளில் பாதித் தாள் போதும். ஏசி போட்டு, முன் கிரில்லில் கண்டன்சருக்கு எதிரே பிடித்தால் தாள் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். புது மோட்டாரில் ஒயர் மாறிப் போயிருந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றித் தாளை வெளியே தள்ளும். சத்தத்தை மட்டும் கேட்டால் இது தெரியாது. இடது பக்கம் ஒட்டியது, வலது பக்கமும் ஒட்டியது. அதன்பின் மதிய வெயிலில் ஏசியோடு இருபது நிமிடம் ஐடிலிங்கில் விட்டதில் கூலண்ட் 92-க்கும் 97-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முழு வேக ஃபேன் ஒரு முறைகூடத் தேவைப்படவில்லை.